அடுப்பு எரியாத பள்ளிக்கூடம்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அந்த அதிகாரி எங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் ஏறி அடுப்புகளைத் தேட ஆரம்பித்தார். மூன்றேகாலுக்குத் தேடி முடித்துவிட்டார். மலைச்சரிவு நடந்தது அதற்கு முந்தைய நாள் விடியற்காலையில். ஆனாலும் எல்லாம் எப்போது கெட்டுப்போக ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் நான் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் சொல்வேன். மண்ணின்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஜவ்வாது மலையில் வாத்தியாராக இருந்தேன். ஜமுனாமரத்தூரிலிருந்து காட்டுவழியாக நடந்து வரவேண்டிய ஊர். ஓடு போட்ட இரண்டு வகுப்பறைகள், முன்பக்கம் நீளமான வராந்தா, பின்பக்கம் ஒரு சின்ன அறை. அந்த அறையில் நானும் என் மகளும் குடியிருந்தோம். அவளுக்கு அப்போது பத்து வயது. என் மனைவி தன் தகப்பனாருக்கு உடம்பு முடியவில்லை என்று எங்கள் சொந்த ஊரான கலசப்பாக்கத்துக்குப் போயிருந்தாள். மழை விட்டதும் வருவதாகச் சொல்லியிருந்தாள். மழை விடவேயில்லை.

எங்களுக்கு மேலே சரிவில் ஒரு குக்கிராமம் இருந்தது. ஐப்பசி மழையில் ஊறிக் கிடந்த மலை அன்றைக்கு விடியும்போது அப்படியே இறங்கி, அந்த ஊரின் பாதியை எடுத்துக்கொண்டு போனது. இடி இடித்த மாதிரி சத்தம் கேட்டது என்று என் மகள் எழுந்து உட்கார்ந்தாள். வெளிச்சம் வருவதற்குள் சனங்கள் ஆடுகளையும் கோழிகளையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்துக்குள் நிறைந்துவிட்டார்கள். எல்லாரும் வந்தார்கள், ஒருவனைத் தவிர. ஊர்க்கவுண்டரின் தம்பி மாடுகளை அவிழ்த்துவிடத் திரும்பிப் போனவன், கொட்டகையோடு மண்ணுக்குள் போய்விட்டான். அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு வகுப்பறை மூலையில், கரும்பலகைக்குக் கீழே சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் பேசச் சொல்லவில்லை.

ஊரில் ஒரு பிணம் எடுக்கப்படாமல் கிடக்கும்வரை அந்த ஊரார் யாரும் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்கள் சமைத்துச் சுமந்துகொண்டு வந்து போடுவார்கள். அடக்கம் முடிந்து எல்லாரும் தலைமுழுகிய பிறகுதான் நெருப்பு. இது மலைக்கு மட்டுமான வழக்கமும் இல்லை. கலசப்பாக்கத்தில் எங்கள் தெருவில் சாவு விழுந்தாலும் பிணத்தைத் தூக்கும்வரை யாரும் உலை வைக்க மாட்டார்கள். இங்கே பிணம் மண்ணுக்குள் கிடந்தது. ஆண்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் போய்த் தோண்டிப் பார்த்துவிட்டு, சேறும் கையுமாகத் திரும்பி வந்தார்கள். மண்ணை அள்ள அள்ள மேலேயிருந்து மண் வந்துகொண்டே இருந்தது.

இந்த நிலையில்தான் அதிகாரி வந்தார். கீழே ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து, மழையில் வீடு இழந்தவர்களைக் கணக்கெடுக்க அனுப்பப்பட்டவர். மலைப்பாதை உடைந்திருந்த இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, குடையோடு நடந்து வந்திருந்தார். எங்கெங்கே எவ்வளவு பேர் தங்கியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் டாக்டர், கம்பளி, குடிதண்ணீரில் போடும் மருந்து, மண் தோண்ட ஆள் எல்லாம் பிரித்து அனுப்பப்படும் என்று அவரே சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன். உட்கார நாற்காலி போட்டேன்.

அவர் உட்காரவில்லை. வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வகுப்பறைகளுக்குள் எட்டிப் பார்த்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வந்தார்.

“இவங்கல்லாம் எங்க சார் சமைக்கிறாங்க?”

“சமைக்கலைங்க. பொணம் இன்னும் மண்ணுக்குள்ள கெடக்குது.”

“அப்போ அடுப்பு இல்ல.”

“அடுப்பு இல்லைங்க. ஆளுங்கதான் இத்தினி பேர் இருக்காங்களே, பாக்கறீங்களே.”

“ஆள எண்றது வேலைக்கு ஆவாது சார். நான் எத்தினி எடம் பாத்தவன். தலைய எண்ணினா, ஒரே கொழந்தைய நாலு பொம்பளைங்க மாத்தி மாத்தி இடுப்புல வெச்சிக்கினு வந்து நிப்பாளுங்க. ஒரு அடுப்புன்னா ஒரு குடும்பம். அடுப்ப இடுப்புல தூக்கிக்கினு வர முடியாது பாருங்க.”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊர்ப் பெண்கள் கூடைகளில் சோறு சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். சாமைச் சோறு, புளிக்குழம்பு, கேழ்வரகுக் களி. சாவுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது என்று கவுண்டரே அவரைக் கூப்பிட்டு இலை போட்டார். முந்தைய நாள் தம்பியை மண்ணுக்குக் கொடுத்தவர், முட்டிவரை சேற்றோடு நின்றுகொண்டு, “சாப்புடுங்க சாரு, மழையில வந்துகீறீங்க” என்று உபசரித்தார்.

அதிகாரி சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார். குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி, சோற்றைக் குழைத்து, விரல்களை ஒவ்வொன்றாக வாயில் விட்டு எடுத்தார். கரும்பலகைக்குக் கீழே இருந்த பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலையிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. அதிகாரி கையைக் கழுவி என் மேசை விரிப்பில் துடைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார்: தங்கிச் சமைத்து உண்போர் எவருமில்லை, சமைத்த உணவு போதிய அளவில் இருக்கிறது.

“உங்க ஊர்ல பொணம் கெடந்தா அடுப்பு எரிப்பாங்களா?” என்று கேட்டேன்.

“எங்க ஊர்லயும் எரிக்க மாட்டோம் சார்” என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். “அது வழக்கம். இது கணக்கு.”

குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். தெரியாமல் செய்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், வருஷம் முழுக்க அவர்களோடுதான் வேலை. இவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலையே என் மகளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது.

அத்தனை பேருக்கும் ஒதுங்க இருந்தது பள்ளிக்குப் பின்னால் இருந்த சரிவு ஒன்றுதான். அதற்குக் கீழேதான் ஊற்று. மழை எதைக் கழுவி எங்கே கொண்டுபோகும் என்று யோசிக்கும் நிலையில் யாரும் இல்லை. இருட்டுவதற்குள் இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொண்டது. மறுநாள் பெரியவர்களுக்கும். வகுப்பறைத் தரை வழவழவென்று ஆகிவிட்டது. ஆட்டுப் புழுக்கை, ஈரக் கம்பளி, வாந்தி எல்லாம் சேர்ந்த அந்த வாடை சுவரில் ஏறிக்கொண்டது. அடுத்த கோடையில் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் எனக்கு அது போகவில்லை. என் மகள் முதலில் வெட்கப்பட்டாள். என்னைத் திரும்பிக்கொள்ளச் சொன்னாள். பிறகு அதைச் சொல்லவும் அவளுக்குத் தெம்பு இல்லாமல் போனது. கண்கள் உள்ளே போய்விட்டன. கைத்தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது.

அவளைத் தூக்கிக்கொண்டு ஜமுனாமரத்தூர் போய்விடலாம் என்றால், நடுவில் ஓடை கரைபுரண்டு போய்க்கொண்டிருந்தது. ஜீப் பாதையில் போளூருக்கு நடந்து இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும், அந்த மழையில் அவள் தாங்க மாட்டாள். சோறு கொண்டுவரும் ஊர் வேறு பக்கம். அங்கிருந்து சுற்றுவழியாக ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போவார்கள். மழை கொஞ்சம் ஓய்ந்தால்தான் அதுவும். அந்தப் பெண்களிடம், “சந்தைக்குப் போனா ஆஸ்பத்திரில சொல்லுங்கம்மா” என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லி அனுப்பினேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் எங்களுக்கு உதவி என்று வந்தது ஒரே ஒரு துணிமூட்டை. கீழ்நாட்டு டவுனிலிருந்து யாரோ புண்ணியவான்கள் கொண்டுவந்து பாதை உடைந்த இடத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நம் ஆட்கள் இருவர் மழையில் சுமந்து வந்தார்கள். பிரித்தால் அக்குள் பழுத்த சட்டைகள், ஜிகினா வைத்த ரவிக்கை, எலி கடித்த கோட்டு ஒன்று, துவைக்காத உள்ளாடைகள். கவுண்டரின் பெண்டாட்டி ஒரு ஜட்டியைக் குச்சியால் தூக்கிப் பிடித்து, “இத போட்டுக்கினுதான் நாங்க குளுர தாங்கணுமா?” என்றாள். இரண்டு நாளில் முதல்முறையாகச் சில பெண்கள் சிரித்தார்கள். பிறகு அந்தத் துணிகளால் பிள்ளைகளைத் துடைத்தார்கள். அதற்காவது அவை உதவின.

நான் கவுண்டரிடம் போனேன். அதிகாரி திரும்ப வருவார், அவர் வரும்போது நாலு அடுப்பாவது புகைய வேண்டும், டாக்டர் வர வேறு வழியில்லை என்று சொன்னேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

“என் தம்பி அங்க மண்ணு தின்னுக்கினு கீறான் வாத்தியாரே. நான் இங்க குந்திக்கினு சோறு பொங்கினாத்தான் எங்கள மனுசன்னு எழுதுவானா அவன்?”

“எழுத மாட்டார். அடுப்பு இருந்தாத்தான் எழுதுவாராம்.”

“அப்ப எழுத வாணாம்.”

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. உள்ளே என் மகள் கிடந்தாள். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அப்போது கவுண்டரின் பெண்டாட்டி, கல்லில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“எங்க கைதான் பத்தவெக்கக் கூடாது. வாத்தியாரு கைக்கு இன்னா வந்துது? அவரு இன்னா உனுக்குப் பங்காளியா?”

கவுண்டர் யோசித்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெண்கள் ஆளுக்கு மூன்று கல் கொண்டுவந்து வராந்தாவில் வரிசையாகக் கூட்டினார்கள். பானைகளை ஏற்றினார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். நெருப்பை மட்டும் நான் வைக்க வேண்டும். விறகு ஈரம். நான் தீப்பெட்டியில் பாதியைத் தீர்த்துவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, கன்னத்தைத் தரையில் வைத்து ஊதினேன். புகை என் வாய்க்குள்தான் வந்தது.

“ஊதறாரா முத்தம் குடுக்கறாரா?” என்றாள் ஒருத்தி.

“வூட்டுல அம்மா இல்லாம எப்பிடித்தான் இவரு சோறு துன்னாரோ” என்றாள் இன்னொருத்தி.

“சுள்ளிய குறுக்க வெக்காதீங்க வாத்தியாரே. எங்க கை படக்கூடாது, வாயி படலாம், சொல்றத கேளுங்க.”

அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு அடுப்பாகப் பற்றியது. அரிசி போடவில்லை. சாமை போடவில்லை. வெறும் தண்ணீர் கொதித்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று வருஷாவருஷம் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் அது அன்றைக்குத்தான் நடந்தது. ஆறவைத்து உப்பும் வெல்லமும் போட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் வாயில் விட்டார்கள். என் மகள் குடித்த உடனே வெளியே எடுத்தாள்.

அடுத்த நாள் அதிகாரி வந்தார். வராந்தா முழுக்க அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. அவர் முகத்தில் ஒரு மலர்ச்சிகூடத் தெரிந்தது. குனிந்து எண்ண ஆரம்பித்தார். எண்ணிக்கொண்டே ஒரு மூடியைத் திறந்து பார்த்தார், இன்னொன்றைத் திறந்தார்.

“இன்னா சார் இது, வெறும் தண்ணி?”

ஒரு பெண், நல்லது சொல்வதாக நினைத்து, “வாத்தியாருதாங்க எல்லாத்தயும் பத்தவெச்சாரு, எங்களுக்கு ஆவாது” என்று சொல்லிவிட்டாள்.

அதிகாரி நிமிர்ந்தார். “அப்போ இத்தினியும் உங்க அடுப்பு. ஒரு ஆளு பத்தவெச்சா ஒரு குடும்பம்தான் சார் அது.” அப்படியே எழுதினார். ஒரு குடும்பம், பள்ளி ஆசிரியர்.

நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கிடந்தவர்களைக் காட்டினேன். அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார். “நான் எழுதினத திருத்த முடியாது. ஒரு குடும்பம்னு போட்டுட்டேன் இல்ல, உங்க பொண்ண வேணும்னா ஜீப்புல ஏத்திக்கலாம். போளூர்ல எறக்கி விட்டுடறேன். மத்தவங்க கணக்குல வர மாட்டாங்க.”

வகுப்பறையில் எல்லாருக்கும் அது கேட்டது. கரும்பலகைக்குக் கீழே இருந்தவளின் கைக்குழந்தை அதற்குள் அழுவதை நிறுத்திவிட்டிருந்தது. நான் அசையாமல் நின்றேன். கவுண்டரின் பெண்டாட்டிதான் என் மகளைக் கம்பளியில் சுற்றி என் கையில் வைத்தாள். “போ வாத்தியாரே. ஒண்ணாச்சும் பொழைக்கட்டும். நிக்காத.”

ஜீப் நின்ற இடம்வரை மழையில் தூக்கிக்கொண்டு போனேன். எடை இல்லாமல் இருந்தாள். வழியில் கம்பளி நனைந்தது, மழையால் மட்டும் இல்லை. அதிகாரி முன்னால் போய் ஏறி உட்கார்ந்துகொண்டார். டிரைவர் பின்கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்போது அந்த வாடை அதிகாரிக்கு எட்டியிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். கம்பளியிலிருந்து சொட்டுவதைப் பார்த்தார்.

“பேதியா? சொல்லவே இல்லியே சார் நீங்க. இத எப்பிடி வண்டியில ஏத்தறது?”

“சாக்கு கீது சார், கீழ போட்டுக்கலாம்” என்றார் டிரைவர்.

“நீ சும்மா இருப்பா. நாளைக்கும் இதே வண்டியிலதான் நான் ஊர் ஊரா போவணும். யாரு கழுவறது?” என்னிடம் திரும்பி, குரலைத் தணித்து, பெரிய மரியாதையோடு சொன்னார். “தப்பா நெனச்சிக்காதீங்க. நாளைக்கு வேற வண்டி அனுப்பச் சொல்றேன்.”

அனுப்பவில்லை. டிரைவர் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எடுத்தார். சக்கரம் இறைத்த சேறு என் மகளின் முகத்தில் பட்டது. நான் அதைத் துடைத்தேன், அவள் கண்ணைத் திறக்கவில்லை.

என் மகளுக்கு இப்போது கல்யாண வயது. குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் தாழ் போட்டிருந்தால் நான் போய்க் கதவைத் தட்டுகிறேன். “இன்னாப்பா?” என்று உள்ளேயிருந்து எரிச்சலோடு கேட்பாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வருவேன். எங்காவது புயல், வெள்ளம், அகதிகள் என்று செய்தி வாசித்து, இத்தனை ஆயிரம் பேர் முகாம்களில் என்று சொன்னால், ரேடியோவை நிறுத்திவிடுவேன். எதை எண்ணிச் சொல்கிறார்களோ.

அன்றைக்கு நான் மகளோடு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபோது வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். கவுண்டரின் பெண்டாட்டி மகளை என்னிடமிருந்து வாங்கி, நனைந்த கம்பளியை உருவி, தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். எல்லா அடுப்புகளும் அணைந்துபோயிருந்தன. நான் போனபிறகு பற்றவைக்க ஆள் இல்லை. மறுபடி குனிந்து ஒவ்வொன்றாக ஊதினேன். இந்தமுறை யாரும் கேலி செய்யவில்லை.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அந்தக் கைக்குழந்தை இறந்தது. அதன் தாய் அதை நெடுநேரம் கொடுக்கவில்லை. கவுண்டர் வாங்கிக்கொண்டு போய் வேலியோரம் புதைத்துவிட்டு, மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தம்பியைத் தேடிப் போனார். நான் என் மகளின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் நின்றுவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். அவளுக்கு முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு சிறுநீரே போகவில்லை. அது எவ்வளவு மோசமான அறிகுறி என்று எனக்குத் தெரியாது. போக்கு நிற்கிறதுபோல என்றுகூட நினைத்தேன்.

மழை அன்று வெறித்தது. முந்தைய நாளே, மழை ஓயும்வரை காத்திராமல், சோறு கொண்டுவந்த பெண்களில் இருவர் சுற்றுவழியாகச் சந்தைக்குப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புளி விற்கப் போனவர்கள், விற்பதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் போய்க் குந்திக்கொண்டார்களாம். டாக்டர் இல்லை, வேறு எங்கோ முகாமுக்குப் போயிருக்கிறார் என்றதும், அங்கே இருந்த நர்சம்மாவை விடவில்லையாம்.

மதியம் நெருங்கும்போது காட்டுப் பக்கமாகப் பேச்சுக்குரல் கேட்டது. முதலில் அந்த இரண்டு பெண்களும் தலையில் பெட்டிகளோடு வந்தார்கள். பின்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியபடி ஒரு நர்சம்மா. என் வயதிருக்கும். மூச்சு வாங்கியது. எந்த ஆபீஸ் அனுப்பியது, பேர் பட்டியல் இருக்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை. நேராக வகுப்பறைக்குள் வந்தார். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. நான் என் மகளை அவருக்கு முன்னால் நீட்டி, வாத்தியார் என்றும் இவள் என் ஒரே பெண் என்றும் ஏதேதோ உளறினேன். அவர் அவள் இமையைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்துச் சன்னல் கம்பியில் கட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். பிறகு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“நேத்துலேர்ந்து யாரு யாரு ஒண்ணுக்குப் போவலையோ, அவங்கள மொதல்ல காட்டுங்க.”